முட்டை மேல் விழுந்த பழி

என்னுடைய பழைய ஸ்போர்ட்ஸ் டூரிங் பைக்கில், பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தை அளவாக வைக்கும் ரெகுலேட்டர் போய், சார்ஜ் ஏறவில்லை. அந்த மாடலே நின்றுபோனதால் கள்ளக்குறிச்சி முழுக்கத் தேடியும் கம்பெனி பாகம் கிடைக்கவில்லை. ஆன்லைனில் வேறொரு வண்டியின் ரெகுலேட்டரை வாங்கி, பிளக் பொருந்துகிறதே என்று நானே மாட்டினேன். ஹெட்லைட் முன்பைவிடப் பளிச்சென்று எரிந்தது. எனக்கு ஒரே பெருமை.

மறுநாள் மனைவியுடன் வெள்ளிமலைக்குக் கிளம்பினேன். அங்கே அவள் அக்கா வீட்டில் அடை வைப்பதற்காக, நாட்டுக்கோழி முட்டைகளை உமியில் பொதிந்து மடியில் வைத்திருந்தாள். கச்சிராயபாளையம் தாண்டி மலையேறும்போது குப்பென்று நாற்றம் அடித்தது.

“இன்னா, உங்க அக்காவுக்குக் கூமுட்டையா எடுத்துக்கினு போற?” என்று எரிந்து விழுந்தேன்.

“நிறுத்துங்க, பாத்துடலாம்” என்று இறங்கியவள், ஒவ்வொன்றாக மோந்து பார்த்தாள். “முட்டையில ஒண்ணும் இல்லீங்க. சீட்டுகிட்டதான் நாறுது.”

சீட்டைக் கழற்றினேன். பேட்டரி உப்பிப்போய், தொட முடியாமல் கொதித்தது. வண்டியை அங்கேயே விட்டுவிட்டுப் பஸ்ஸில் போனோம்.

பிறகு வந்து பார்த்த மெக்கானிக், “சார்ஜ் ஜாஸ்தியா ஏறியிருக்குங்க. அதான் லைட்டு அப்படி எரிஞ்சுது. பேட்டரி ஆசிட் கொதிச்சுதான் அந்தக் கூமுட்டை நாத்தம் வந்திருக்கு. இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டியிருந்தா பேட்டரி வெடிச்சிருக்கும்” என்றார்.

சரியான ரெகுலேட்டரும் புது பேட்டரியும் போட்டாயிற்று. இப்போதெல்லாம் எந்தப் பாகத்தை மாற்றினாலும், இன்ஜினை ஓடவிட்டு, பேட்டரியில் மீட்டர் வைத்து, பதினாலரை வோல்ட்டைத் தாண்டவில்லை என்று பார்த்த பிறகே கிளம்புகிறேன்.

அதே வண்டியில் போன வாரம் மறுபடி வெள்ளிமலை போனோம். அக்கா வீட்டு வாசலில் குஞ்சுகள் ஓடிக்கொண்டிருந்தன.

“இதுங்கதான் நீங்க சொன்ன கூமுட்டைங்க” என்றாள் மனைவி.