காது குத்துக்குக் கட்டிய மூட்டைகள்

எங்கேயாவது போய்விட்டு வந்தால் காலைக் கழுவி, பால் போடாத ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு, நான் முதல் வேலையாக எழுத உட்கார்ந்துவிடுவேன். பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரிப்பேன். ஒரு பக்கம் கொண்டுபோய் சும்மா திரும்பி வந்த சாமான், மறுபக்கம் இல்லாமல் தவித்த சாமான். தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்பு வரைக்கும்தான் நான் படித்தது. அந்தப் படிப்பு எனக்கு வேறு எதற்கும் இந்த அளவுக்கு உதவியதில்லை.

எல்லாம் என் கூச்சத்தால் வந்தது. ஒருவரிடம் போய் ஒன்றைக் கேட்பதென்றால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பஸ்ஸில் ஜன்னலைச் சாத்துங்கள் என்று முன்சீட்டுக்காரரிடம் சொல்ல முடியாமல், பண்டாரவளையிலிருந்து பதுளை வரைக்கும் மழையில் நனைந்துகொண்டே வந்தவள் நான். கேட்காமல் இருக்க வேண்டுமென்றால் எல்லாம் நம்மிடமே இருக்க வேண்டும். அதனால்தான் என் பை எப்போதும் பெரிசு.

ஆனால் எழுத ஆரம்பித்தது பேத்தியின் மொட்டைக்குப் பிறகு.

மகளைப் பண்டாரவளையில் ஒரு காய்கறிக் கடைக்காரர் வீட்டில் கொடுத்திருக்கிறோம். மருமகன் தங்கமான பிள்ளை. சம்பந்தியம்மாவும் கெட்டவர் இல்லை, வாய்தான் கொஞ்சம் நீளம். பேத்திக்குக் கதிர்காமத்தில் மொட்டை போட்டபோது சந்தனம் நாங்கள் கொண்டுபோக வேண்டியது. மறந்துவிட்டோம். வெயிலில் பிள்ளையின் தலை பளபளவென்று நிற்கிறது, பூச ஒன்றும் இல்லை. சம்பந்தியம்மா தன் கைப்பையிலிருந்து பவுடர் டப்பாவை எடுத்து தலை முழுக்கக் கொட்டித் தேய்த்துவிட்டு, "சந்தனம்கூட இல்லாமத்தான் நமுனுகுல மலையிலேர்ந்து எறங்கி வந்தீங்களா?" என்று கேட்டார். அன்று முழுக்கப் பிள்ளை கோதுமை மாவில் விழுந்த தேங்காய் மாதிரி இருந்தாள். அதோடு விட்டாரா? வீட்டுக்கு யார் வந்தாலும் மகளை வைத்துக்கொண்டே அந்தப் பவுடர் மொட்டைக் கதையைச் சொல்வாராம். "அம்மா, அத நெனச்சா எனக்குச் சோறு எறங்கல" என்று மகள் போனில் அழுதாள்.

அன்றைக்கு எழுதிய முதல் தாளில் ஒரு பக்கத்தில் ஒரே ஒரு சொல்தான். சந்தனம்.

பிறகு போன பயணம் எல்லாவற்றுக்கும் எழுதினேன். எழுத எழுதத்தான் சிக்கல். கொழும்புக்கு ரயிலில் போனபோது குடை கொண்டுபோனேன், மழை இல்லை. "குடை வீண்" என்று எழுதினேன். அடுத்த முறை குடை இல்லாமல் பதுளைக்குப் போனேன், தெருவே ஆறாக ஓடியது. "குடை அவசியம்" என்று எழுதினேன். அடுத்து குடையோடு போனேன், வெயில். தாள்களை வரிசையாக வைத்துப் பார்த்ததில் ஒன்று விளங்கியது. குடை இருந்தால் மழை வருவதில்லை. ஆகவே, மழை வராமல் இருப்பதற்குக் குடை வேண்டும். நிறையப் பேர் போகும் பயணமென்றால் நிறையக் குடை.

அடுத்தவர்களுக்கு இல்லாமல் போனதையும் எழுத ஆரம்பித்தேன். ரயிலில் ஒரு பெண், பிள்ளை வாந்தி எடுக்கிறதென்று எலுமிச்சம்பழம் கேட்டாள். "இல்லை" என்று சொல்லவும் எனக்குக் கூச்சம். தலையைக் குனிந்துகொண்டு பைக்குள் நெடுநேரம் தேடுவது மாதிரி பாவனை செய்தேன். அந்தப் பெண் நானுஓயாவில் இறங்குகிற வரைக்கும் தேடினேன். அதனால் எலுமிச்சம்பழமும் சேர்ந்தது. ஊசி, நூல், மெழுகுதிரி, கொடிக் கயிறு, தேங்காய் துருவி என்று ஒவ்வொன்றும் யாரோ எங்கேயோ தேடியதுதான்.

போன வருஷம் பேத்திக்குக் காது குத்த நாள் வைத்தார்கள். செல்லக்கதிர்காமத்துப் பிள்ளையார் கோயிலில். காது குத்தென்றால் எங்கள் ஆட்களிடம் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். தாய்மாமன் என்றால் என் மகன். மடியும் சீரும் எங்கள் பொறுப்பு. மகள் போன் எடுத்து, "அம்மா, இந்தத் தடவை மட்டும் ஒரு கொறையும் வரப்படாது. வந்தா நான் அந்த வீட்ல தலை நிமிர முடியாது" என்றாள்.

எல்லாத் தாளையும் தரையில் பரப்பினேன். "இல்லாமல் தவித்த" பக்கத்தில் இருந்த ஒன்றையும் விடாமல் கட்டினேன். சந்தனம் இரண்டு டப்பா, அதற்கு மேல் சந்தனக் கட்டை, உரைக்கக் கல். மடத்தில் ஒருமுறை ஈர விறகு எரியாமல் அவதிப்பட்டோம். அதனால் கவ்வாத்தில் வெட்டிக் காய்ந்த தேயிலைச் செடி விறகு இரண்டு கட்டு. நுவரெலியாவில் குளிரில் நடுங்கியது தாளில் இருந்ததால் கம்பளி. மாமன் உட்கார மணை, மாமனுக்குப் பட்டு வேட்டி, மாமனுக்கு மாலை, மாமனுக்கு விசிறி.

எங்கள் லயத்து வரிசை வீடுகளின் வாசலில் மூட்டைகளைப் பார்த்த பக்கத்துக் காம்பராக்காரி, "என்னக்கா, ஒரேயடியா இந்தியாவுக்கே கெளம்பிட்டீங்களா?" என்றாள்.

மருமகள் அதற்கு மேல். "காட்டுக்குள்ள இருக்கிற கோயிலுக்கு வெறகு கட்டிக்கிட்டுப் போற ஒரே ஆளு எங்க அத்தைதான்."

"ஈரமா இருந்தா?" என்றேன்.

"வெயிலுல கல்லே காயுற ஊரு அத்தை அது!"

மகன் ஒன்றும் பேசவில்லை. அவன் எப்போதும் அப்படித்தான், என்னைக் கொண்டு பிறந்தவன். அவனுடைய போனை மட்டும் வாங்கி மூட்டைக்குள் வைத்தேன். முன்னொரு தடவை குனியும்போது சட்டைப் பையிலிருந்து நழுவித் தண்ணீரில் விழுந்தது. அதுவும் தாளில் இருந்தது.

வேனில் பின்சீட்டை மூட்டைகளே பிடித்துக்கொண்டன. மிச்சத்தைக் கூரையில் கட்டினார்கள். அந்த மூட்டைகளுக்கு நடுவில் ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு இடம் விட்டு, அதில் மகனை உட்காரச் சொன்னோம். லயத்து உறவுக்காரர்கள் முன்னால் நெருக்கி உட்கார்ந்தார்கள். தோட்டத்து ரோட்டில் முதல் முடக்கு வளைவிலேயே வேன் ஏற மாட்டேன் என்று நின்றுவிட்டது.

"ஆளெல்லாம் எறங்குங்க, பாரம் கூடிப்போச்சு" என்றார் டிரைவர்.

"சாமான எறக்குனா என்ன?" என்றாள் மருமகள்.

"அத எறக்கி ஏத்துனா விடிஞ்சிரும். ஆளு நடக்கும், மூட்டை நடக்காதே."

நாங்கள் இறங்கி நடந்தோம். மூட்டைகள் வேனில் சொகுசாகப் போயின. மகன் பின்னால் நின்று தள்ளினான். ஒரு உலுக்கலில் கூரையிலிருந்து கம்பளி மூட்டை அறுந்து தேயிலைக்குள் உருண்டு போனது. அதை எடுக்க அவன் கீழே இறங்கியதை நான் பார்த்தேன். மேலே வந்து ஏறிக்கொள்வான் என்று நினைத்தேன். மேட்டில் நிறுத்தினால் மறுபடி ஏறாது என்று டிரைவர் சமதரையில் போய்த்தான் நிறுத்தினார். மூச்சு வாங்க ஏறி உட்கார்ந்தோம். பின்னால் மூட்டைக்கு அந்தப் பக்கம் ஆள் இருக்கிறானா என்று யாருக்கும் தெரியாது. "ஏறியாச்சா?" என்று டிரைவர் கேட்டார். "ஆச்சு, ஆச்சு" என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

எல்ல ஊரைத் தாண்டும்போது மருமகள் பின்னால் திரும்பி, "என்னங்க, வடை வேணுமா?" என்றாள். பதில் இல்லை.

"தூங்குறாரு போல" என்றாள்.

கொஞ்ச தூரம் போனதும் மூட்டைக்குள் போன் அடித்தது.

"என்னங்க, உங்க போனுதான். எடுங்க."

அடித்து அடித்து நின்றது. மறுபடி அடித்தது.

"செத்த பொணம் மாதிரி தூங்குறத பாருங்க அத்தை! காதுகிட்ட அடிக்குது, கேக்கலயா மனுசனுக்கு?"

"ராத்திரி முழுக்க மூட்டை கட்டினான், பாவம். விடு" என்றேன் நான்.

வெல்லவாய வரைக்கும் அந்தப் போன் விட்டுவிட்டு அடித்துக்கொண்டே வந்தது. அடித்தது அவன்தான். சந்தியில் ஒரு கடைக்காரரின் போனை வாங்கி அடித்திருக்கிறான். அவனுக்கு மனப்பாடமாக இருந்தது அவனுடைய நம்பர் ஒன்றுதான்.

கோயிலில் மகளும் மருமகனும் பேத்தியும் சம்பந்தியம்மாவும் முன்னாலேயே வந்து காத்திருந்தார்கள். ஊசியோடு பத்தரும் உட்கார்ந்திருந்தார். நல்ல நேரம் முடியக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. "மாமனக் கூப்பிடுங்க" என்றார் சம்பந்தியம்மா. மாமன் பின்னால் மாட்டிக்கொண்டு இருக்கிறான் என்று எல்லோரும் சேர்ந்து மூட்டைகளை இறக்கினார்கள். சந்தனம் வந்தது. விறகு வந்தது. துருவி வந்தது. மணை, மாலை, பட்டு வேட்டி, விசிறி எல்லாம் வந்தன. கடைசி மூட்டையை இழுத்ததும் வெறும் சீட்டுதான் இருந்தது.

மருமகள்தான் முதலில் கத்தினாள். "அத்தை! அப்ப நான் இவ்வளவு நேரம் யாரோட பேசிக்கிட்டு வந்தேன்?"

அப்போதுதான் போன் திரும்பவும் அடித்தது. எடுத்தால் அவன், பஸ்ஸில் யாருடைய போனையோ வாங்கி. "நான் பஸ்ஸுல வாறேன். புத்தல தாண்டியாச்சு. கம்பளிய எடுத்துட்டேன்."

சம்பந்தியம்மா மூட்டைகளைச் சுற்றி ஒருமுறை மெதுவாக நடந்தார். விறகைக் காலால் தட்டிப் பார்த்தார். "எல்லாம் இருக்கு. மாமனத் தவிர" என்றார். அவர் பக்கத்து ஆட்கள் சிரித்தார்கள். மகள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை. கண் நிறைந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். இனி அந்த வீட்டில் பவுடர் மொட்டை போய் இந்தக் கதை வரும் என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

"நேரம் போகுதுங்க" என்றார் பத்தர்.

"மாமன் மடியில்லாமக் குத்தப்படாது. நேரம் தப்பினாலும் குத்தப்படாது. என்ன செய்யப் போறீங்க?" என்று சம்பந்தியம்மா என்னிடம் நேராகக் கேட்டார். அவ்வளவு மூட்டையில் அதற்கு ஒன்றும் இல்லை.

என் வாயிலிருந்து எப்படி வந்ததென்று எனக்கே தெரியவில்லை. "சம்பந்தியம்மா, ஒண்ணு கேக்கலாமா? ஒரு காத இப்ப நேரத்துக்குக் குத்துவோம். உங்க மடியில வச்சு. மத்தக் காத மாமன் வந்தப்புறம் மாமன் மடியில குத்துவோம்."

அவர் பத்தரைப் பார்த்தார். பத்தர் கோயில் கோபுரத்தைப் பார்த்தார். இது ஆகாதென்று சொல்ல யாருக்கும் ஒரு சாஸ்திரம் ஞாபகம் வரவில்லை.

"அப்ப எங்க பக்கத்துக்கு ஒரு காது, உங்க பக்கத்துக்கு ஒரு காதா?" என்றார் சம்பந்தியம்மா.

"ஆமாங்க."

"எங்க காது முதலா?"

"ஆமாங்க, உங்க காதுதான் முதல்."

அவர் சேலையைச் சரிசெய்துகொண்டு மாமன் மணையில் உட்கார்ந்தார். வாழ்க்கையில் யாரும் அவருக்கு அந்த இடத்தைக் கொடுத்ததில்லை, எந்தப் பெண்ணுக்கும் கொடுப்பதில்லை. மாமனுக்கு வாங்கிய மாலையை, சும்மா வாடுகிறதே என்று அவர் கழுத்தில் போட்டோம். அவர் தடுக்கவில்லை. பேத்தி என்ன நடக்கப் போகிறதென்று தெரியாமல் சிரித்துக்கொண்டே காதைக் கொடுத்தாள். பத்தர் குத்தினார். அவள் போட்ட சத்தத்தில் கோயில் குரங்குகள் மரம் மாறின.

மகன் வந்தபோது நல்ல நேரம் எப்போதோ போயிருந்தது. அந்த வெயிலில் தோளில் கம்பளி மூட்டை, உடம்பெல்லாம் வேர்வை, சட்டையெல்லாம் செம்மண். விசிறியால் விசிறி, பட்டு வேட்டி கட்டி உட்கார வைத்தோம். பேத்திக்கு இப்போது விஷயம் தெரியும். மற்றக் காதைக் கையால் பொத்திக்கொண்டு, மாமன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "வேணாம் மாமா, வேணாம் மாமா" என்று அழுதாள்.

மூன்று பஸ் மாறி வந்த என் மகன், அவ்வளவு பேர் முன்னால், வாழ்நாளில் முதல் முறையாகச் சத்தமாகச் சொன்னான்: "புள்ள வேணாங்குது. நான் குத்த விட மாட்டேன்."

"ஐயோ, நீங்க வரணும்னுதானே இவ்வளவு நேரம் ஒக்காந்திருக்கோம்!" என்றார் பத்தர்.

"வந்துட்டேன். வேணாங்குறேன்."

தாய்மாமன் வார்த்தைக்கு மேல் அங்கே யார் பேசுவது? பத்தர் ஊசியைத் துணியில் சுருட்டினார். என் மகளைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. அவள் முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள், தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று கிட்டப் போனேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். மாலையோடு நின்ற சம்பந்தியம்மாவும் அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டார். ஒற்றைத் தோடோடு பேத்தி பண்டாரவளைக்குப் போனாள்.

இப்போதும் ஒரு காதில்தான் தோடு. வீட்டுக்கு வருகிறவர்களிடம் சம்பந்தியம்மா கதை சொல்லத்தான் செய்கிறார். "எங்க காது குத்தியாச்சு, அவங்க காதுதான் பாக்கி" என்பாராம். ஆனால் அந்தக் கதையில் மணையில் உட்கார்ந்ததும் மாலை போட்டதும்தான் நீளமாக வருமாம். மகள்தான் விட்ட இடத்தை எடுத்துக் கொடுப்பாளாம். மகளுக்குச் சோறு இறங்குகிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் சம்பந்தியம்மா எனக்கே போன் எடுக்கிறார். போன வாரம், "என்ன சம்பந்தியம்மா, உங்க காது எப்ப?" என்றார்.

"மாமன் சம்மதிக்கணும்ல" என்றேன்.

"சம்மதிக்க வைங்க. இந்தத் தடவை மூட்டைய நான் கட்டுறேன். நீங்க ஒண்ணும் கட்டப்படாது."

"சரிங்க. நான் ஆள மட்டும் கையப் பிடிச்சுக் கூட்டியாறேன்."

அவர் சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார். சந்தனம் எடுத்துக்கொள்வாரா என்று கேட்க நினைத்தேன். அதற்குள் வைத்துவிட்டார். திருப்பி எடுத்துக் கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.