வயிற்றுக்குப் போன லைன்

"இன்னும் இறுக்குமப்பா!" என்று நாகேந்திரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, மனைவி பாலேஸ்வரி தன் பழைய நூல் சேலையின் பாதியை அவர் வயிற்றைச் சுற்றி இழுத்து இழுத்துக் கட்டினார். கொழும்பு, கொட்டாஞ்சேனை வீட்டில் ஒவ்வொரு காலையும் தேநீருக்கு முன்னர் இதுதான் வேலை. பிறகு அதன் மேல் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு, குனிய முடியாதவராக, ஒருகொடவத்தையில் கொள்கலன்களுக்குக் கணக்கெழுதப் புறப்படுவார்.

எல்லாவற்றுக்கும் டொக்டர் பஹ்மியா சொன்ன ஒரு விளக்கம்தான் காரணம். "கொழுப்பு சும்மா இருக்காது, அங்கிள். வளர வளர, 'எனக்கு இரத்தம் வேணும்' எண்டு ஒரு பொருளைச் சுரந்து தனக்குப் புதுசா இரத்தக்குழாய் முளைக்க வைக்கும். அடுத்த மாசமும் இரத்தத்தில சீனி குறையாட்டி இன்சுலின் ஊசிதான்."

ஊசி என்றால் நாகேந்திரத்துக்குச் சிம்ம சொப்பனம். வரும் வழியிலேயே மருத்துவத்தைத் தன் வசதிக்குத் திருத்திக்கொண்டார். "வயிறு களவா லைன் இழுத்திருக்குதப்பா. இறுக்கிக் கட்டினா லைன் அடைபடும், தானா வாடும்." அந்தத் தைரியத்தில் பகல் தேநீரோடு எண்ணெயில் பொரித்த இரண்டு ரோல்ஸும் உள்ளே போயின. கேட்டால், "அதுக்கென்ன, லைன் கட்பண்ணியாச்சே" என்பார்.

போர் நடந்துகொண்டிருந்த 2007ஆம் ஆண்டு அது. சந்திக்குச் சந்தி சோதனைச் சாவடி. ஒரு காலை பஸ்ஸிலிருந்து எல்லோரையும் இறக்கி வரிசையாகத் தடவிப் பார்த்த சிப்பாயின் கை, நாகேந்திரத்தின் சேர்ட்டுக்குள் ஏதோ சுற்றிக் கட்டியிருப்பதை உணர்ந்தது. தற்கொலைக் குண்டென்று நினைத்து அவன் துள்ளிப் பின்வாங்கித் துவக்கை நீட்டினான். "அத் உஸ்ஸன்ன!"

நாகேந்திரம் இரு கைகளையும் உயர்த்தினார். பின்னால் நின்றவர்கள் சிதறி ஓடினார்கள். "மஹத்தயா, மகே பட! பட விதரய்!" வெறும் வயிறுதான் என்று அவர் கெஞ்சியது யார் காதிலும் ஏறவில்லை.

தூரத்திலிருந்தே அவிழ்க்கச் சொன்னார்கள். நடுத்தெருவில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார். மாங்காய்க்கரை போட்ட கிளிப்பச்சைச் சேலை தார் வீதியில் நீண்டுகொண்டே போனது. கடைசியில் வயிறு தன் பழைய அளவில் குலுங்கி வெளியே வந்தது. சிப்பாய்க்கே சிரிப்பு வந்துவிட்டது. என்றாலும் பொலிஸ் நிலையத்தில் பின்னேரம் வரை இருத்தி வைத்தார்கள். பாலேஸ்வரி, கொழும்பில் தங்கப் பொலிஸில் பதிந்த துண்டோடு சேலையின் மற்றப் பாதியையும் கொண்டுபோய், இரண்டு கரைகளையும் மேசையில் பொருத்திக் காட்டிய பிறகுதான் விட்டார்கள்.

மறுமாதம் இதைக் கேட்ட டொக்டர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். சீனி கூடித்தான் இருந்தது.

"அந்த லைன் துணிக்கு அடைபடாது, அங்கிள். அடைபட்டாலும் நல்லதில்ல. இரத்தம் போதாட்டி கொழுப்பு அழற்சியாகி சீனி இன்னும் ஏறும். ரோல்ஸ விட்டுட்டு நடங்க. சரி, எழும்புங்க, வயித்த ஒருக்காப் பார்ப்பம்."

நாகேந்திரம் எழுந்து நின்றார். டொக்டரின் கை சேர்ட்டின் பக்கம் நீண்டதும், அவருடைய இரண்டு கைகளும் தாமாகவே தலைக்கு மேலே போயின.