மரம் அவருடையது, கொடி இவருடையது

போன சனிக்கிழமை மஞ்சக்குட்டையில், தானாகவே தீர்ந்திருக்கக்கூடிய ஒரு தகராறை நான் வாதாடி வளர்த்துவிட்டேன்.

நாற்பத்தைந்து வயதில் சட்டம் படிக்கப் போனவள் நான் என்பது உங்களுக்குத் தெரியும். (கிண்டல் பண்ணியவர்களை எல்லாம் நினைவில் வைத்திருக்கிறேன்!) இந்த செமஸ்டரில், சிவில் தகராறுகளைக் கோர்ட்டுக்குப் போகாமல் பேசித் தீர்ப்பது எப்படி என்று ஒரு பாடம். கூடவே மாதிரி நீதிமன்றம் — அதாவது, கற்பனைக் கேஸுக்கு நிஜமாகத் தொண்டை வறள வாதாடுவது. இரண்டாவதில்தான் நான் கில்லி.

பயிற்சிக்காக எங்கள் கல்லூரி மஞ்சக்குட்டை மலைக்கிராமத்தில் ஒரு சட்ட உதவி முகாம் போட்டது. நான் சமரசம் செய்ய வேண்டும். பேராசிரியை ஓரமாக உட்கார்ந்து மார்க் போடுவார். சமரசத்தில் பேசியதை வெளியே சொல்லக் கூடாது என்பது விதி. சம்பந்தப்பட்ட இருவருமே, "பேர மாத்திப்போட்டு தாராளமா எழுதுங்க" என்று சிரித்ததால் எழுதுகிறேன்.

பழனியம்மாள் வேலியோரமாக ஒரு மிளகுக் கொடி நட்டார். அது வேலியைத் தாண்டி, பக்கத்துத் தோட்டத்து ராஜமாணிக்கத்தின் சில்வர் ஓக் மரத்தில் ஏறிக்கொண்டது. வேர் இங்கே, காய் அங்கே. பல வருஷம் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. இந்த வருஷம் காய்ப்பு அமோகம்... போதாதா? யார் பறிப்பது என்று ஆரம்பித்து, பேச்சுவார்த்தை நின்று, கடைசியில் ராஜமாணிக்கம் மரத்தை அறுக்க ஆளுக்குச் சொல்லி அனுப்பும் வரை போய்விட்டது. திங்கட்கிழமை வருவார்களாம். மரம் விழுந்தால் கொடியும் போச்சு.

விதிப்படி, இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசினேன். அங்கேதான் வினை!

மாதிரி நீதிமன்றத்தில் ஒரே கேஸுக்கு இரண்டு பக்கமும் வாதாடத் தயாராக இருக்க வேண்டும். அந்தப் பழக்கம் விடுமா? பழனியம்மாளிடம், "வேர் உங்க மண்ணுல. தண்ணி உங்க தண்ணி. அப்ப காய் யாருதுங்க?" என்று பொரிந்து தள்ளினேன். ராஜமாணிக்கத்திடம், "மரம் இல்லேன்னா கொடி தரையிலதானுங்களே கிடக்கும்?" என்று மேசையைத் தட்டினேன். இருவருமே கண் விரியக் கேட்டார்கள். எனக்கோ ஒரே பெருமை.

மறுபடி சேர்த்து உட்கார வைத்தால்... இறங்கி வரும் மனதோடு வந்த இரண்டு பேரும் சிலிர்த்துக்கொண்டு நிற்கிறார்கள்!

"எம்பட பக்கந்தான் நாயம்னு வக்கீலம்மாவே சொல்லிப்போட்டாங்க" என்றார் பழனியம்மாள்.

"எங்கிட்டயும் அதத்தானுங்க சொன்னாங்க. திங்கக்கெழம வரைக்கும் எதுக்கு? நாளைக்கே அறுத்துப்போடறேன்" என்றார் ராஜமாணிக்கம்.

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வகுப்பில் அதற்கு என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியும்.

மார்க் போகட்டும். நன்றாக நிற்கிற மரத்தை என் வாய் சாய்க்கப் போகிறதே! என்ன செய்வது? எனக்குத் தெரிந்ததே வாதாடுகிற அந்த ஒரு வித்தைதான். அதை இவர்களிடமே கொடுத்துவிட்டேன்.

"அண்ணா, ஒரு அஞ்சு நிமிஷம் நீங்கதான் இந்தக்காவோட வக்கீல். அவங்களுக்காகப் பேசுங்க."

"நானுங்களா?" அவர் தலையைச் சொறிந்தார். பிறகு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்தார். "கேளுங்க. கோடையில பைப்புல தண்ணி வராதப்ப இந்த அம்மிணி கொடத்துல தூக்கிட்டு வந்து கொடிக்கு ஊத்துச்சுங்க. எங்கண்ணால பாத்தேன். நான் ஒரு சொம்பு ஊத்தினதில்லீங்க."

சொல்லிவிட்டு, துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். தான் சொன்னது தன் காதிலேயே விழுந்திருக்க வேண்டும்.

இப்போது பழனியம்மாள் முறை. "நொம்பப் பேச எனக்கு வராதுங்க. மரத்துல கெள கழிக்க எல்லாரும் ஆள் உடுவாங்க. இந்த அண்ணன் மட்டும் தானே ஏறுவாருங்க. கூலியாளு வெட்டுனா கொடியில அருவா பட்டுருமாம்." ராஜமாணிக்கத்தின் பக்கம் திரும்பினார். "அதுக்கு ஒரு வார்த்த சொல்லாமயே இருந்துட்டனுங்க."

இருவரும் தங்களுக்கு எதிராகத் தாங்களே சாட்சி சொல்லி முடித்தார்கள். குறுக்கு விசாரணைக்கு அவசியமே இருக்கவில்லை. எனக்கே அழுகை வந்துகொண்டிருந்தது.

அடுத்த சண்டை உடனே ஆரம்பித்தது. "நீங்களே பறிச்சுக்கங்க அண்ணா!" "அதெப்படி? உங்கூட்டுக்குத்தான் சேரணும் அம்மிணி!" இதற்குப் பாடத்திட்டத்தில் வழியே கிடையாது. ஒருவழியாக ஆளுக்குப் பாதி, பறிப்பது இரண்டு வீட்டாரும் சேர்ந்து என்று முடிவானது. பேராசிரியை கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

நம் நியாயத்தை எடுத்துச் சொல்ல ஆயிரம் பேர் வருவார்கள். எதிராளியின் நியாயம்? அது பெரும்பாலும் நமக்கே தெரிந்திருக்கிறது. யாரும் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப் போனபோது ராஜமாணிக்கம் பேனாவை நிறுத்தினார். "வக்கீலம்மா, மரத்த அறுக்க மாட்டேன்னு ஒரு வரி சேத்து எழுதுங்க. எனக்குக் கோவம் வந்துச்சுன்னா என்னையே நான் நம்ப மாட்டனுங்க."

"அப்ப நானும் கொடிய அறுக்க மாட்டேன்னு எழுதுங்க" என்றார் பழனியம்மாள். "எனக்கும் கோவம் வருமுங்க!"

வாயை அறவே மூடிக்கொண்டு, இரண்டையும் எழுதினேன்.