பஜ்ஜிக்குப் பிறகு டிக்டேஷன்

பெண் பார்க்க வருகிறவர்கள் பாடச் சொல்வார்கள். என்னை டிக்டேஷன் எழுதச் சொன்னார்கள்.

சொன்னவர் மாப்பிள்ளையின் அப்பா. ஏதோ ஒரு கப்பல் கம்பெனியில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ராயபுரத்தில் அவர் வருவது தெரிந்தால் கடைக்காரர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். மரியாதையால் அல்ல, திறந்தால் திருத்துவார். மீன்காரி ‘ஐசு’ என்றால் கடைசியில் அந்த உகரம் எதற்கு என்று கேட்பார். ‘சிகிரெட்டு’ என்ற பீடாக் கடைக்காரரை அவர் சரியாகச் சொல்லும்வரை விடமாட்டார். டேசன், கவருமெண்டு, ஆசுபத்திரி என்று அவருக்கு ஆகாத சொற்கள் ஒரு பட்டாளம். அவை காதில் விழுந்தால் வாந்தி வருகிறது என்பாராம். வேலை பார்த்த காலமெல்லாம் சொந்தமாக ஒரு இங்கிலீஷ் வாக்கியம் எழுதியிருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம். பிறர் எழுதியதற்கு அடியில் கோடு போட்டவர் அவர்.

நான் அப்போது கடற்கரைப் பக்கம், கப்பல் சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவித்துத் தரும் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் டைப்பிஸ்ட். வெள்ளைக்காரக் கப்பல் அதிகாரிகள் கைப்பட எழுதிக் கொடுப்பதை டைப் செய்வேன். ‘ரிசீட்’ என்ற சொல்லில் வாய்க்கு வராத அந்த ‘பி’யை அவர்களில் பலர் எழுத்திலும் விட்டுவிடுவார்கள். ‘செபரேட்’டின் நடுவில் என்ன எழுத்து என்பதில் அவர்களுக்குள்ளேயே ஒற்றுமை கிடையாது. நான் சத்தமில்லாமல் சரி செய்வேன். அவர்கள் படிக்காமலே கையெழுத்துப் போடுவார்கள். வெள்ளைக்காரன் தப்பாக எழுதினால் அவசரம். நம்மவன் தப்பாக எழுதினால் பிறவிக் குறை. ஆபீசில் நான் கற்றுக்கொண்ட இலக்கணம் இதுதான்.

எங்கள் வீடு கொருக்குப்பேட்டையில், தண்டவாளத்தை ஒட்டி. அப்பா காலமான பிறகு, கூட்ஸ் யார்டு ஆட்களுக்குச் சோறாக்கிப் போட்டு அம்மா என்னைப் படிக்க வைத்தாள். இந்தச் சம்பந்தம் கூடினால் அவள் பட்டதற்கெல்லாம் ஒரு பொருள் வந்துவிடும் என்று நம்பினாள். எனக்கும் வேண்டாம் என்றில்லை. போட்டோவில் மாப்பிள்ளைக்கு நல்ல முகம்.

மாப்பிள்ளையும் அவர் அப்பாவும் வந்து உட்கார்ந்தார்கள். ரயில் டேசனிலிருந்து நடந்தா வந்தீர்கள் என்று அம்மா கேட்டாள். “டேசன் இல்லம்மா, ஸ்டேஷன்” என்றார் அவர்.

“எப்டி சொன்னாலும் ரயிலு அங்கதான் நிக்குது சார்” என்றார் என் தாய்மாமா. ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறவர். அம்மா அவரை முறைத்தாள்.

பஜ்ஜித் தட்டு காலியான பிறகுதான் பரீட்சை தொடங்கியது. சட்டைப் பையிலிருந்து தாளையும், ஒரு முனை சிவப்பு, மறுமுனை நீலமான பென்சிலையும் எடுத்தார். பெண் கேட்கிற வீட்டுக்கு மனிதன் பூவோடு வருவான், பழத்தோடு வருவான். ‘வெட்னஸ்டே’ என்றார், ‘நெசசரி’ என்றார், ‘கர்னல்’ என்றார். எழுத்துக்கும் ஒலிக்கும் பேச்சுவார்த்தை இல்லாத சொற்களாகத் தேடிக் கொண்டுவந்திருந்தார். பட்டுப்புடவையில் தரையில் குனிந்து எழுதினேன். என் முகத்தை யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. சிவப்பு முனைக்கு வேலை இல்லாமல் போனதில் அவருக்கு வருத்தம்தான். நீலத்தில் ஒரு டிக் போட்டுவிட்டு, அம்மா பக்கம் திரும்பினார்.

“பொண்ணு பாஸ். ஆனா ஒரு விஷயம். ரிசப்ஷனுக்கு என் பழைய துரை வருவார். அன்னிக்கு நீங்களும் உங்க ஜனங்களும் அவர் முன்னால வாயைத் திறக்காம இருந்தா தேவலை.”

மாமா எழுந்துவிட்டார். அம்மா அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

“நா இன்னாத்துக்குப் பேசப்போறன் ஐயா. ஒரு மூலையில குந்திகினு இருக்கறன். எம்பொண்ணு நல்லா இருந்தா போதும்.”

கூட்ஸ் யார்டில் மேஸ்திரிகளையே அதட்டிச் சோற்றுக் காசு வாங்கியவள் அம்மா. அவள் குரல் அவ்வளவு சின்னதாகி நான் கேட்டதில்லை. நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

“நீங்க இன்னா சொல்றீங்க?” என்று அவரிடம் கேட்டேன்.

“இன்னா இல்லை, என்ன” என்றார் அவர் அப்பா. பிள்ளை, அது சரிதான் என்பதுபோலத் தலையாட்டினார். அன்று அவரிடமிருந்து கிடைத்த ஒரே கருத்து அது. போட்டோவில் இருந்த நல்ல முகம் போட்டோவிலேயே தங்கிவிட்டது.

டிக்டேஷன் தாளைப் பெரியவர் மடியிலிருந்து எடுத்துக்கொண்டேன். எனக்கு இந்த இடம் வேண்டாம் என்றேன். தலைமைக் குமாஸ்தா என் முகத்தை முதன்முறையாகப் பார்த்தார். அதில் எங்கே கோடு போடுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

“டேசனுக்கு ரிக்சா கூப்டவா சார்?” என்றார் மாமா. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அதையும் திருத்திவிட்டுத்தான் போனார் தலைமைக் குமாஸ்தா.

அவர்கள் தெருமுனை தாண்டும்வரை பொறுத்திருந்து அம்மா ஆரம்பித்தாள். நல்ல இடத்தைப் பேஜார் பண்ணிவிட்டேன், இனி எவன் வருவான் என்று கூட்ஸ் வண்டிச் சத்தத்துக்கு மேலே அவள் குரல் கேட்டது. அந்தக் குரல் திரும்ப வந்ததே எனக்குப் போதுமாக இருந்தது.

கொஞ்ச நாளில் தரகர் வேறு ஜாதகத்தோடு வந்தார். மாப்பிள்ளைக்கு என்ன வேலை, சொந்த வீடா என்று அம்மா கேட்கவில்லை.

“பையனோட அப்பன் சட்ட ஜோபில பென்சிலு வச்சிகினு கீறாரா, அத்த மொதல்ல சொல்லு.”