மண்ணெண்ணெய்க்குப் போகாத கறை

பெரிய வியாழன் என்றால் மற்றவர்களுக்குப் பூசை நினைவுக்கு வரும். எனக்கு மண்ணெண்ணெய் வாசம்தான் வருகிறது. அன்று மாலை கோயிலில் சாமியார், இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல, பன்னிரண்டு பேருடைய வலது காலைக் கழுவி முத்தமிடுவார். அந்த வருடம் பெரியப்பாவும் அதில் ஒருவர். தூத்துக்குடிக் கரையில் தோணிகளின் அடிப்பக்கம் தார் பூசியே வயதானவர். செருப்புப் போட்டு யாரும் பார்த்ததில்லை. சாமியார் கழுவப்போகிற காலை முதலில் வீட்டிலேயே கழுவிவிட்டுப் போவதுதான் எங்கள் பக்கத்துக் கௌரவம். அழுக்குக் காலை நீட்டியிருந்தால் பெரியம்மா தெருவில் தலை நிமிர்ந்திருக்க மாட்டாள்.

முற்றத்தில் ஸ்டூல் போட்டு அவரை உட்கார வைத்து, மண்ணெண்ணெய் நனைத்த துணியால் இரண்டு காலையும் நான்தான் தேய்த்தேன். விரல் இடுக்கெல்லாம் வெளுத்துவிட்டது. இடது குதிகாலில் மட்டும் புளியங்கொட்டை அளவு கறுப்பு அசையவில்லை. ஓரம் ஒழுங்கில்லாமல், ஒரு பக்கம் பழுப்பாகப் பரவியிருந்தது. பழைய தார் என்றார். ரொம்ப நாளாக அப்படி நம்பித்தான் பெரியம்மாவும் பீர்க்கங்காய் நாரால் உரசிக்கொண்டிருந்திருக்கிறாள். நான் துணியை வைத்துவிட்டு நகத்தால் சுரண்டிப் பார்த்தேன்.

"தாருன்னா போயிருக்கணும்லா, பெரியப்பா. இது தோலுக்குள்ள இருக்கு."

அவர் காதிலேயே வாங்கவில்லை. ஈஸ்டர் முடிந்ததும் சண்டை போட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டரம்மா சிறு துண்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வரும்வரை வீட்டில் யாரும் புற்று என்ற சொல்லை எடுக்கவில்லை. 'அது' என்றே பேசினோம். கடைசியில் அதுவேதான். தோல் புற்று வெயிலில் வெள்ளைக்காரர்களுக்கு வருவது என்று நான் நினைத்திருந்தேன். நமக்கு வருவது குறைவு, வந்தால் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி என்று யாரும் பார்க்காத இடமாகப் பார்த்து வரும் என்றார் டாக்டரம்மா. முன்பெல்லாம் புண்ணாகி, மேலே பரவி, தொடை இடுக்கில் கட்டி திரண்ட பிறகே வருவார்களாம். இப்போதுதான் மச்சம் மாதிரி இருக்கும்போதே சிலர் காட்டுகிறார்களாம். இது இன்னும் ஆழம் போகவில்லை என்று அவர் சொன்னதும் பெரியம்மா அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

அந்த இடத்தை வெட்டியெடுத்து, தொடைத் தோலை வைத்து ஒட்டினார்கள். இப்போது செருப்புப் போட்டுக் கொஞ்சம் நொண்டி நடக்கிறார். டீக்கடைக்கு வருகிறவர்களை எல்லாம் காலைத் தூக்கச் சொல்லி வம்பு செய்கிறார். பாதிப் பேர் அவரைக் கண்டால் வேறு சந்தில் திரும்பிவிடுகிறார்கள். போன வாரம் பார்க்கப் போன என்னையும் விடவில்லை.

"ஏளா, என் காலை நீ பாத்த. ஒன் காலை யாரு பாத்தா?"

யோசித்தால், நானே பார்த்ததில்லை. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் பாதத்தை எடுத்துத் தன் மடியில் வைத்தார். பெரியவர் மேல் கால் படுகிறதே என்று கூசி இழுத்தேன். அவர் விடவில்லை.