தீபாவளிக்குள் ஏறிவிடும்

என் வீட்டுக்காரர் வாழ்நாள் முழுக்கப் பட்டாசு விற்றவர். ஆனால் கார்த்திகைக்குப் புஸ்வாணம் வைப்பதென்றால்கூட என்னைத்தான் கூப்பிடுவார், அவ்வளவு தைரியசாலி. சிவகாசிக் கம்பெனி ஒன்றுக்காக வடக்கே ஊர் ஊராகப் போய் ஆர்டர் பிடிப்பதும் பணம் வசூலிப்பதும்தான் அவர் வேலை. அப்பேர்ப்பட்டவர் ஓய்வு பெற்றதும் கம்பெனி கொடுத்த பணத்தில் பாதியைத் தூக்கிப் பங்குச் சந்தையில் போட்டார். மீதிப் பாதியை நான் சண்டை போட்டுத் தபாலாபீஸில், எங்கள் இரண்டு பேர் பெயரிலும், மாத வட்டிக்குப் போடவைத்தேன். எங்களுக்குப் பென்ஷன் கிடையாது. சாகிறவரை சோறு போட வேண்டியது அந்த இரண்டு பாதிகள்தான்.

விருதுநகர் பஜாரில் ஒரு மாடியில் தரகர் ஆபீஸ் இருந்தது. ஓய்வு பெற்ற ஆம்பளைகள் காலையிலேயே குளித்து, திருநீறு பூசி, அங்கே போய் உட்கார்ந்துவிடுவார்கள். சுவரில் மாட்டிய திரையில் பச்சையும் சிவப்புமாக எண்கள் ஓடும். பச்சை ஓடிய வருஷங்களில் அத்தனை பேரும் மேதைகள். வீட்டில் கேஸை மூடத் தெரியாதவர்கள் அமெரிக்காக்காரனுக்கு வழி சொல்லிக்கொடுத்தார்கள். என் வீட்டுக்காரர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வரும்போதே அன்றைய ஏற்றத்தைச் சொல்லிக்கொண்டுதான் படியேறுவார்.

"வித்துக் காசாக்கிட்டீகளா?" என்று கேட்பேன்.

"ஏறுற சரக்கை எவனாவது விப்பானா? உனக்கு என்ன தெரியும்?"

எனக்குத் தெரியாதுதான். ரசத்தை ஊற்றிவிட்டுப் போய்விடுவேன்.

2008 பிறந்ததும் சரிவு தொடங்கியது. அவர் அசையவில்லை. "சீசன் வரட்டும்" என்றார். பட்டாசுத் தொழிலில் தீபாவளிக்கு முன்னால் பணத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. சரக்கு லோடு லோடாகக் கடனில் போகும். வடக்கத்தி வியாபாரி தீபாவளி நெருங்கும்போதுதான் பண முடிச்சை அவிழ்ப்பார். அதுவரை முதலாளி முதற்கொண்டு எல்லாரும் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பார்கள். அதிலேயே ஊறிப்போனவர், பம்பாய்ச் சந்தையும் சிவகாசிக் காலண்டரைப் பார்த்துத்தான் நடக்கிறது என்று முடிவு கட்டிவிட்டார்.

போட்டது பாதியாகக் கரைந்தபோது தபாலாபீஸ் பணத்தின் மேல் கண் விழுந்தது. அதை எடுக்க என் கையெழுத்தும் வேண்டும்.

"இறங்கிக் கெடக்கும்போது வாங்குனாத்தான் லாபம். தீபாவளிக்குள்ள ஏறிரும். அம்புட்டையும் திருப்பி அங்கனயே போட்டுருவோம்."

"ஏங்க, தீபாவளிக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? பம்பாய்ல அணுகுண்டும் சரவெடியுமா விக்கிறாக?"

மறுநாள் தரகர் ஆபீஸ் பையனையே கூட்டிக்கொண்டு வந்தார். அந்த வெயிலில் கழுத்தில் டை கட்டியிருந்தான். "லாங் டெர்ம்ல பாருங்க மேடம்" என்றான்.

"தம்பி, இவருக்குச் சர்க்கரை, எனக்கு ரத்தக்கொதிப்பு. எங்க லாங் டெர்ம் எம்புட்டுன்னு எங்க டாக்டர்கிட்ட விசாரிச்சுட்டு வாங்க" என்றேன். காபியைக்கூட முழுசாகக் குடிக்காமல் போய்விட்டான். வீட்டுக்காரர் என்னோடு பேச்சை நிறுத்தினார். வீடு நிம்மதியாக இருந்தது.

தீபாவளியும் வந்தது. சந்தை ஏறவில்லை, அந்த வாரம்தான் இன்னும் பலமாக விழுந்தது. தெருவெல்லாம் வெடித்துக்கொண்டிருக்க, மத்தியானம் வரை தலையில் எண்ணெய் வைக்காமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் ஆத்திரம் அதைவிட அதிகமாக இருந்தது.

தெருவில் வெடிக்குப்பையை அள்ளி முடிப்பதற்குள் அடுத்த கூத்து. மாடி ஆபீஸுக்குப் போனவர் சீக்கிரமே திரும்பி வந்து செருப்பைக் கழற்றினார்.

"வித்துட்டேன்."

"எதை?"

"எல்லாத்தையும்."

"இம்புட்டு நாளும் கட்டிக் காத்துட்டு, தரையில கெடக்கிற வெலைக்கா வித்தீக?"

"தீபாவளிதான் முடிஞ்சிருச்சே" என்றார், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவனிடம் சொல்வதுபோல. "முடிஞ்சப்புறம் சரக்கைக் கையில வச்சிருந்தா நமத்துப்போகும். வந்த வெலைக்குத் தள்ளிற வேண்டியதுதான்."

வேலை பார்த்த காலம் முழுக்க அவர் அப்படித்தான் செய்தார். வடக்கே கடைகளில் தேங்கிய வெடியைக் கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டு வந்ததைக் கெட்டிக்காரத்தனமாகச் சொல்லியிருக்கிறார்.

"கண்ணுக்கே தெரியாத பங்கு எப்படிங்க நமத்துப்போகும்?"

அப்போதுதான் அவருக்கே உறைத்தது என்று நினைக்கிறேன். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

அடுத்த வருஷம் கோடை வெயிலில், தீபாவளிக்கு எத்தனையோ மாதம் இருக்கும்போதே, சந்தை ஏறியது. மாடியில் மறுபடி மேதைகள் முளைத்தார்கள். அவர் அந்தப் பக்கமே போவதில்லை. பேப்பரில் வணிகப் பக்கம் வந்தால் இரண்டு தாளாகச் சேர்த்துப் புரட்டிவிடுகிறார்.

தபாலாபீஸ் வட்டியில்தான் இப்போது வீடு நடக்கிறது. ஒரு மாதம் நான் அதை வாங்கிக்கொண்டு வந்தபோது வாசலிலேயே நின்றிருந்தார். "அன்னைக்கு நீ கையெழுத்துப் போடாம இருந்தது நல்லதாப் போச்சு" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக எவ்வளவு காலம் காத்திருந்தேன்! திருப்பிக் கொடுக்க எத்தனை பதில்களைச் சேர்த்து வைத்திருந்தேன்! அதற்குள், "டீ குடிக்க ஏதாச்சும் குடு" என்று கையை நீட்டிவிட்டார்.

கொடுத்தேன். மனசாரச் சொன்னாரா, டீக்காசுக்குச் சொன்னாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.