தங்கச்சி வீட்டுத் தண்ணீர்

சிலாங்கூர் ஆற்றுத் தண்ணீர் இங்கே குடியிருக்கும் எல்லாருக்கும் சொந்தம், அதனால் வசதி குறைந்த குடும்பங்களுக்கு மாதாமாதம் ஒரு பங்கு இலவசம் என்று மலேசியாவில் எங்கள் மாநில அரசாங்கம் அறிவித்தது. என் தங்கைக்குக் கிடைத்தது. எனக்குக் கிடைக்கவில்லை.

இருவரும் தோட்டத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையான ஒரே லயத்தில் பிறந்தவர்கள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் பாசிர் பெனம்பாங்கில் ஒரு மலிவு விலை வீட்டுக்குப் போனாள். நான் தோட்டத்திலேயே தங்கிவிட்டேன். தோட்டத்துக்கு மொத்தமாக ஒரே மீட்டர், அதுவும் நிர்வாகத்தின் பெயரில். தண்ணீர்க் காசைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். ஆபீசுக்குப் போய்க் கேட்டேன்.

"ஒங்க பேர்ல மீட்டர் இல்லையேம்மா, நான் என்னா செய்யிறது?" என்றார் கணக்கெழுதும் கிராணி.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே.

தங்கையோ தண்ணீர் பில்லை ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருந்தாள். கட்ட வேண்டிய தொகை பூஜ்யம். எனக்குக் காட்டத்தான் ஒட்டியிருக்கிறாள் என்று நினைத்தேன். வாசல் சிமெண்டைக்கூட ரப்பர் குழாய் வைத்துக் கழுவினாள். எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைப்பானேன்?

தீபாவளிக்கு முந்தின ஞாயிறு அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் கடைக்குப் போன நேரம் பார்த்து, பின்பக்கத்துப் பைப்பை முழுதாகத் திறந்துவிட்டு, முன்னால் வந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். இலவசப் பங்கு தீரட்டும், இந்த மாதம் அவளும் கட்டிப் பார்க்கட்டும். தண்ணீர் சாக்கடையில் விழும் சத்தம் கேட்கச் சுகமாக இருந்தது.

திரும்பி வந்தவள் ஓடிப்போய் மூடினாள். ஈரக் கையோடு என்னிடம் வந்தாள். திட்டவில்லை.

"அக்கா, எங்களுக்கு அம்புட்டுத் தண்ணி தீர்றதே இல்ல லா. ஒன் வீட்டுத் துணியெல்லாம் இங்க கொண்டாந்து தொவச்சிக்க."

"ஒம் பங்கு எனக்கு எதுக்குடி? ஏம் பங்கு எங்க?" என்று கத்திவிட்டு வந்துவிட்டேன்.

மூன்று வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. நான்காவது வாரம் பிள்ளைகளின் பள்ளிச் சீருடைகளை மூட்டை கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். பஸ் காசே தோட்டத்தில் பிடிக்கும் தண்ணீர்க் காசைவிடக் கூடுதல். வழியெல்லாம் தங்கையைத் திட்டிக்கொண்டே போனேன்.